பெட்டி கட்டும் நேரத்துப் பாட்டு

ராக்கப்பனின் விசாவில் தொழில் என்ற இடத்தில் ‘டக்ட் ஃபேப்ரிகேட்டர்’ என்று இருக்கும். கட்டடங்களின் கூரைக்கு அடியில், குளிர்காற்று போவதற்குத் தகரக் குழாய் மாட்டுகிற வேலை. பதினாலு வருஷமாக துபாய்க்குக் குளிர்காற்று ஏற்பாடு செய்தவர், அந்தப் பதினாலு வருஷத்தையும் குளிர்காற்று வந்து சேராத கட்டடங்களிலேயே கழித்தார். காற்று வருகிற அன்று அவருக்கு அடுத்த சைட்டுக்கு மாற்றல் வந்துவிடும். இதில் யாருடைய அநியாயமும் இல்லை, வேலையின் இயல்பு அப்படி. ஆனாலும் இதை வைத்து அவர் ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். கம்பெனி ஆட்கள் தங்குகிற அல் கூஸ் கேம்ப்பில் பல் விளக்குகிற வரிசையில் நின்றபடியே அதைப் பாடுவார்கள்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். நாற்பத்திமூன்று வயது. ஒல்லியான உடம்பு, அந்த உடம்பில் அடங்காத குரல். அந்தக் குரலை இனிமை என்று யாரும் சொன்னதில்லை. தகரத்தைக் கத்தரிக்கும்போது வருகிற சத்தத்துக்கு அது பக்கத்துச் சொந்தம். பாட்டுக்காரர் என்று அறிமுகம் செய்தால் கோபித்துக்கொள்வார். பாடாதே என்றால் அதைவிட அதிகமாகக் கோபித்துக்கொள்வார்.

அந்தக் கேம்ப்பில் ஒரு வழக்கம். யாராவது லீவில் ஊருக்குக் கிளம்பினால், முதல் நாள் சாயங்காலம் அறையில் இருக்கிற ஆறு பேரும் சேர்ந்து அவனுடைய கார்ட்டன் பெட்டியைக் கட்டுவார்கள். டேப் ஒட்டி, நைலான் கயிறு சுற்றி, மேலே பெயரும் போன் நம்பரும் மார்க்கரில் எழுதி, கைத் தராசில் தூக்கி முப்பது கிலோவுக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையும் நடக்கும்போது கிளம்புகிறவனைக் கேலி செய்து ஒரு பாட்டு. ராக்கப்பன்தான் பாடுவார். கேலிக்கு ஆளானவன் கோபப்படக் கூடாது என்பது முதல் சட்டம். கடைசி முடிச்சு விழுவதற்குள் பாட்டு முடிந்துவிட வேண்டும், முடிச்சுக்குப் பிறகு ஒரு வார்த்தையும் கூடாது என்பது இரண்டாவது. பழக்கப்பட்ட கைகள் ஒன்றே முக்கால் நிமிஷத்தில் பெட்டியைக் கட்டிவிடும். ஆகவே பாட்டு தலைதெறிக்க ஓட வேண்டும். டேப் கிழிகிற சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்பதால் கத்தவும் வேண்டும். தெம்மாங்கை எடுத்துக்கொண்டு, மூன்றே விரல்பிடியில் கிட்டாரை விளாசி, ஊர் உலகத்தைத் திட்டிப் பாடுவதற்கு மேல்நாட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அங்கே அது கலகக்காரர்களின் இசை. இங்கே அதைக் கண்டுபிடித்தது ஒரு நைலான் கயிறு.

கூட இருக்கிற ஐயப்பன் போன வருஷம் ஊருக்குப் போனபோது ராக்கப்பன் பாடியதில் முதல் நாலு வரி இது:

‘ஜிம்முக்குன்னு ஷூவு வாங்குனான் ஐயப்பன் – அதுக்கு
லேசு கட்ட ஆறு மாசம் ஐயப்பன்
வாசலோட திரும்பி வந்தான் ஐயப்பன் – உள்ள
கண்ணாடியில் எவனோ நின்னானாம் ஐயப்பன்.’

இதை யாரோ போனில் பிடித்து அனுப்ப, கம்பெனி முழுக்கச் சுற்றியது. ஐயப்பனுடைய மனைவிக்கும் போய்ச் சேர்ந்தது. ஐயப்பன் கோபப்படவில்லை. சட்டம் அப்படி.

மூன்றாவதாக ஒரு சட்டம் உண்டு. அது ஸ்பெயினிலிருந்து வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அல் கூஸிலேயே ஒரு பழைய கிடங்கை ஓவியக் கண்காட்சி நடத்துகிற இடமாக மாற்றினார்கள். அதில் டக்ட் மாட்ட ராக்கப்பன் சாரத்தின் மேல் படுத்திருந்தபோது, கீழே ஒருவர் மறுநாள் கச்சேரிக்கு மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பெயர் எலோய், ஸ்பெயின்காரர். ஐம்பது வயதிருக்கும். வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியது, முகப்பில் நீளமாக விரிசல் விட்ட கிட்டார். ஒரு பாட்டு இரண்டு நிமிஷம்கூடப் போகவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராக்கப்பனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் நாலாவது பாட்டில், சிரிக்க வேண்டிய இடத்தில், அந்த நாலு பேருக்கும் ஒரு கணம் முன்னால் மேலேயிருந்து சிரித்துவிட்டார். ஸ்பெயின்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

டீ நேரத்தில் இரண்டு பேரும் ஆளுக்குப் பத்து ஆங்கில வார்த்தைகளை வைத்துக்கொண்டு பேசினார்கள்.

“சாங்கு, ஹூ?” என்று கேட்டார் ராக்கப்பன்.

“ஃபர்ஸ்ட், மேயர். தென், மை மதர். லாஸ்ட் லைன், மீ.”

“வொய் யூ?”

எலோய் கிட்டாரின் விரிசலைத் தடவிக் காட்டினார். “ஒன் டே, ஐ ஃபர்கெட் மீ.”

கடைசி வரியில் தன்னைத் திட்டிக்கொள்ள மறந்த நாளில் யாரோ அந்தக் கிட்டாரைப் பிடுங்கி அவர் தலையில் போட்டுவிட்டார்கள் என்று ராக்கப்பன் புரிந்துகொண்டார். சரியாகத்தான் புரிந்துகொண்டாரா என்பது இனி தெரியப்போவதில்லை. கச்சேரி முடிந்து ஸ்பெயின்காரர் கிளம்பும்போது அந்தக் கிட்டாரை வாட்ச்மேனிடம் ‘மேலே இருந்தவருக்கு’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை பெயின்ட் வாளியில் தட்டிப் பாடிக்கொண்டிருந்த ராக்கப்பன், விரிசலை டக்டுக்கு ஒட்டுகிற வெள்ளி டேப்பால் ஒட்டினார். பக்கத்து அறை ஃபிலிப்பீன்காரனிடம் மூன்று பிடி கற்றுக்கொண்டார். நாலாவது பிடிக்கு விரல் வளையவில்லை. அன்றைக்கிலிருந்து எல்லாப் பாட்டிலும் கடைசி வரி அவர் தலையில் விழும்.

‘பாட்டுக் கட்டத் தெரிஞ்ச பயலுக்குப் பல்லு வெளக்க நேரமில்ல’ என்பது போல.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இடது முட்டி தவிர. பதினாலு வருஷம் ஏணியில் நின்ற முட்டி. இறங்கும்போது உள்ளே எதுவோ கடக்கென்று சொல்லும். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு ஏணி ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ஏணி ஏறாத டக்ட்காரனை ஊருக்குத்தான் அனுப்புவார்கள். ஊருக்குப் போனால், இரண்டாவது பெண்ணுக்குக் கல்லூரியில் இன்னும் மூன்று வருஷம் பாக்கி. வழி ஒன்று இருந்தது. கம்பெனியின் அல் கூஸ் ஸ்டோரில் கீப்பர் வேலை காலியாக இருந்தது. உட்கார்ந்து, போல்ட்டு நட்டுகளை எண்ணிக் கொடுக்கிற வேலை. அதைவிட முக்கியம், அந்த ஸ்டோரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. டக்ட் மாட்டியதும் ராக்கப்பன்தான்.

மாற்றலுக்கு ஆபரேஷன்ஸ் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பெயர் அனந்தகிருஷ்ணன். திருச்சிக்காரர், இருபத்தேழு வருஷம் இதே கம்பெனி. நல்ல மனுஷர் என்று எல்லாரும் சொன்னார்கள். நல்ல மனுஷர் என்பதால்தான் எந்தத் தாளிலும் தவறு நேர்ந்துவிடக் கூடாது என்று பயப்படுவார் என்றும் சொன்னார்கள். ராக்கப்பனின் விண்ணப்பம் ஒன்பது மாசத்தில் மூன்று முறை திரும்பி வந்தது. முதல் தடவை ஒரு நகல் குறைந்தது. இரண்டாவது தடவை தேதி எழுதின முறை தவறு. மூன்றாவது தடவை காரணமே எழுதியிருக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அனந்தகிருஷ்ணன் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. அதற்குப் பின்னாலேயே ஹெச்ஆரில் இருக்கிற சம்யுக்தாவின் போன் வந்தது. துபாயிலேயே பிறந்து வளர்ந்த பெண். அவள் தமிழ் லிஃப்டில் போகிற மாதிரி நடுநடுவே ஆங்கிலத் தளங்களில் நின்று நின்றுதான் போகும்.

“ராக்கப்பன் அண்ணா, புதன்கிழமை சாருக்கு ஃபேர்வெல். கராமால ஹால் போட்டிருக்கோம். நீங்க பாடணும்.”

“நானாம்மா?”

“உங்க வீடியோஸ் எல்லாம் நான் பாத்திருக்கேன். ஸோ ஃபன்னி. ஆனா இது சாருக்கு, ஓகே? ரெஸ்பெக்ட்ஃபுல்லா. நோ ரோஸ்ட்டிங், ப்ளீஸ்.”

“சரிம்மா. அந்த ஸ்டோர் பேப்பரு...”

அவள் குரல் இறங்கியது. “அது சார் டேபிள்லதான் இருக்கு. புதன்கிழமைதான் அவருக்கு லாஸ்ட் வொர்க்கிங் டே. வியாழக்கிழமையிலேர்ந்து அவர் சைன் வேலிட் இல்ல. வரப்போற புது மேனேஜர் ஸ்டோரையே வெளி கம்பெனிக்கு அவுட்சோர்ஸ் பண்றேன்னு சொல்றார். அதனால, அண்ணா, புதன்கிழமைக்குள்ள.”

கடைசி ‘புதன்கிழமைக்குள்ள’ என்பதை அவள் சொன்ன விதத்தில், பாட்டு நன்றாக இருந்தால் கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்ற அர்த்தம் இருந்தது. அல்லது ராக்கப்பனின் முட்டிக்கு அப்படிக் கேட்டது.

அறையில் ஐயப்பன் கட்டிலில் சாய்ந்து காலை அமுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். “சும்மா வாழ்த்திட்டு வாண்ணே. உனக்கென்ன நோவுது? மலையே கடலேன்னு நாலு வரி. ஸ்டோர்ல உக்காந்தா வேர்க்குமா, விறுவிறுக்குமா?”

“வாழ்த்துறதுக்கு ஒண்ணுமே ஆப்புடலையேடா.”

“வாழ்த்துறதுக்கு எதுக்குண்ணே ஆப்புடணும்? திட்டுறதுக்குத்தான் விஷயம் வேணும்.”

அது உண்மையாகத்தான் இருந்தது, அதனால் ராக்கப்பனுக்குக் கோபம் வந்தது. ஊரிலிருந்து மனைவி நாகவள்ளி போனில் கேட்டாள். “புகழ்ந்தா பாடப் போறீக? பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கப்பாகிட்ட வீடு நல்லா இருக்குன்னு சொல்லச் சொன்னாகளாம். ‘ஓடு நாலு ஒடைஞ்சிருக்கு’ன்னுல்ல சொன்னீக. உங்களுக்கு எங்க புகழ வரும்?”

“முட்டி வலி வந்தா எல்லாம் வரும்.”

“முட்டிக்கு எண்ணெய் போட்டீகளா?”

“போட்டேன்.”

போடவில்லை. சைட்டிலிருந்து வந்து, குளிக்க வரிசையில் நின்று, சாப்பிட வரிசையில் நின்று, படுக்கும்போது எண்ணெய்ப் புட்டி எட்டாத தூரத்தில் இருக்கும். மூன்று அடி தூரம்தான்.

பாட்டுக்கு விஷயம் தேடினார். ஆபீஸ் டிரைவரைக் கேட்டார்; நல்ல மனுஷன் என்றான். டீ போடுகிற நேபாளி, சர்க்கரை வேண்டாம் என்பார், நல்ல மனுஷன் என்றான். ஃபோர்மேன் யஹ்யா, சூடான்காரர், யாரையும் ஒரு வார்த்தையில் எடை போட்டுவிடுவார். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “முதீர் அனந்த்? குட் மேன். கலாஸ்” என்றார். அரபியில் முதீர் என்றால் மேனேஜர், கலாஸ் என்றால் அவ்வளவுதான். இருபத்தேழு வருஷத்தில் அந்த மனுஷர் ஒரு முறைகூடத் தடுக்கி விழுந்ததில்லை, யாரிடமும் கத்தியதில்லை, எதையும் மறந்து வைத்துவிட்டுப் போனதில்லை. கேலி செய்ய ஒரு பிடிகூட இல்லாத ஆளை ராக்கப்பன் முதல் முதலாகப் பார்த்தார். சலிப்பாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம், கராமாவில் ஓட்டல் மாடி ஹால். மாடிக்கு இருபத்திரண்டு படி. ராக்கப்பன் எண்ணிக்கொண்டே ஏறினார். கோட்டுப் போட்டவர்கள், பட்டுப் புடவைகள், மேசை மேசையாக மெதுவடை. மேடையில் அனந்தகிருஷ்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரோ ஒருவருடைய வழியனுப்பு விழாவுக்கு வந்தவர் போல. ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் நல்ல மனுஷர் என்றார்கள். பிறகு ராக்கப்பன் வெள்ளி டேப் ஒட்டிய கிட்டாருடன் எழுந்து பாடினார்.

‘மலையே கடலே மணியே எங்கள் மாண்புறு மேலாளரே,
நிலையாய் நின்று நிழலாய் வந்த நேர்மைக் காவலரே...’

நாலு சரணம். மெதுவாக. எந்தக் கயிறும் இல்லாததால் பாட்டு எங்கே முடிவது என்று தெரியாமல் நீண்டுகொண்டே போனது. கடைசி வரியும் ‘வாழ்கவே’ என்றுதான் முடிந்தது. தன் பெயரை அதில் நுழைக்க இடம் இல்லை. கை தட்டினார்கள். வடை தீர்ந்த தட்டை நகர்த்திவிட்டுத் தட்டுவது போன்ற கைதட்டல். சம்யுக்தா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ராக்கப்பனுக்குத் தான் ஒன்பது மாசத்தில் செய்த மிகச் சோர்வான வேலை இதுதான் என்று தோன்றியது. ஏணி பரவாயில்லை.

கை கழுவுகிற இடத்தில் அனந்தகிருஷ்ணன் வந்து பக்கத்துக் குழாயில் நின்றார்.

“தேங்க்ஸ், ராக்கப்பன்.”

“சார், அந்த ஸ்டோர் பேப்பரு...”

“ஆங். பையிலதான் இருக்கு. பாத்துண்டே இருக்கேன். மெடிக்கல் ரிப்போர்ட்ல ஸ்டாம்ப் தெளிவா இல்லை, கவனிச்சேளா? நாளைக்கு யாராவது கேட்டா?” குழாயை மூடினார். சரியாக மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். கடிகாரத்தில் எட்டே கால். கடைசி வேலை நாள் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

முடிந்தது என்று ராக்கப்பனுக்குப் புரிந்தது. ஆச்சரியம் என்னவென்றால், முட்டி அந்த நேரத்தில் வலிக்கவில்லை.

அனந்தகிருஷ்ணன் போகவில்லை. கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு நின்றார். “அந்த ஐயப்பன் பாட்டு நான் கேட்டிருக்கேன். ஜிம் கண்ணாடி. என் ஆத்துக்காரி ஷியாமளாவுக்குப் போட்டுக் காட்டினேன். சிரிச்சுண்டே இருந்தா.” கைக்குட்டையை நாலாக மடித்தார். “எல்லாரையும் அப்படிப் பாடறேள். எனக்கு மட்டும் ஏன் மலை, கடல்?”

“சாரைப் போயி...”

“என்னைப் பத்தி ஒண்ணும் கிடைக்கலை. இல்லையா?”

ராக்கப்பன் குழாயைத் திரும்பிப் பார்த்தார். குழாய் சொட்டவில்லை.

“நாளைக்குக் காலையில ஆத்துல கடைசிப் பெட்டி கட்டறேன். கார்கோக்காரன் மத்ததெல்லாம் எடுத்துண்டு போயிட்டான். உங்க கேம்ப்ல பெட்டி கட்டறச்சே பாடுவேளாமே. வர முடியுமா?”

பெட்டி கட்டக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லக் கூடாது. அது சட்டமாகக்கூட இல்லை, சட்டத்துக்கும் முந்தினது. வியாழக்கிழமை காலையில் யஹ்யா, “முதீர் போன் செய்தார், யல்லா, ரோ” என்று அனுப்பிவைத்தார். முதீருடைய கையெழுத்து முந்தின நாளே செல்லாமல் போய்விட்டது. அவருடைய உத்தரவு இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

அனந்தகிருஷ்ணன் வீடு பர் துபாயில், நாலாவது மாடி. லிஃப்ட் இருந்தது. காலி வீட்டின் நடுவில் ஒரு கார்ட்டன் பெட்டி, ஒரு சுருள் கயிறு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. கதவைத் திறந்த ஷியாமளாவின் முகத்தில் பல நாள் தூக்கம் பாக்கி இருந்தது.

“வாங்கோ. உட்காருங்கோ. இவர் ஒரு பெட்டியை மட்டும் கார்கோல போட விடலை. தானே கட்டணுமாம். தானே தூக்கிண்டு போகணுமாம். உள்ள என்ன தெரியுமா? டைரி.”

“டைரியா?”

“சப்ளையர்கள் வருஷா வருஷம் கொடுப்பாளே. இருபத்தேழு. ஒண்ணுல ஒரு வரி எழுதலை. எடுத்துப் பாருங்கோ.”

ராக்கப்பன் ஒன்றை எடுத்தார். தோல் அட்டை, பொன் எழுத்தில் வருஷம். முதல் பக்கத்தில் அழகான கையெழுத்தில் பெயர், ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட ஷியாமளாவின் நம்பர். அதற்குப் பிறகு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வெள்ளை. இன்னொன்று. அதே பெயர், அதே ரத்தம், அதே வெள்ளை.

“எழுதலாம்னுதான் வெச்சேன்” என்றார் அனந்தகிருஷ்ணன். “ஏதாவது நடந்தா எழுதலாம்னு.”

“எப்படி நடக்கும்?” என்றாள் ஷியாமளா. “இதோ இருக்கு கடல், பத்து நிமிஷம். இருபத்தேழு வருஷத்துல ஒரு நாள் கால் நனைச்சதில்லை. மணல் ஷூவுக்குள்ள போயிடுமாம். ஃப்ளைட்டுல அந்தப் பாதுகாப்பு அட்டை இருக்கோன்னோ, அதை ஒவ்வொரு தடவையும் முழுசாப் படிப்பார். மாத்தியிருப்பாளாம்.”

“ஒரு தடவை மாத்தியிருந்தா?” என்றார் அவர்.

ராக்கப்பன் கிட்டாரை மடியில் வைத்தார். ஒன்பது மாசமாகக் காத்துக்கிடந்தது நேற்று எட்டே காலுக்கு முடிந்துவிட்டது. இனி இந்த மனுஷரிடம் கேட்க ஒன்றும் இல்லை. கிடைக்கவும் ஒன்றும் இல்லை. கயிற்றைக் காட்டி, “ஆரம்பிங்க சார்” என்றார்.

கேம்ப்பில் ஒன்றே முக்கால் நிமிஷத்தில் முடிகிற வேலை. அனந்தகிருஷ்ணனுக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை. போட்டார், இழுத்துப் பார்த்தார், அவிழ்த்தார், நேராக இருக்கிறதா என்று பின்னால் நின்று பார்த்தார். ராக்கப்பன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெட்டிப் பாட்டுக்கு இவ்வளவு நேரம் கிடைத்தது. ஆனாலும் அவர் அவசரப்பட்டே பாடினார். காலி வீடு குரலை இரண்டு மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தது.

‘இருபத்தேழு டைரி வாங்கி அடுக்கி வச்சாரு – சாரு
இருக்கிறதுக்குச் சாட்சியாக ரத்தம் எழுதினாரு
ஜனவரி ஒண்ணாந் தேதி பேனா தொறந்தாரு – நல்லா
யோசிச்சு யோசிச்சு டிசம்பருல மூடினாரு

எட்டிப் பாத்தா கடலு கெடக்கு, எறங்கிப் போகல – அது
முறைப்படியா லெட்டர் போட்டுக் கூப்பிடவே இல்ல
பறக்கும்போதும் அட்டை படிச்சுப் பத்திரமா வந்தாரு – அந்த
அட்டையில வாழ்றதெப்படின்னு அச்சடிக்கவே இல்ல’

ஷியாமளா முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்தவில்லை. நாற்காலி ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். அனந்தகிருஷ்ணன் இரண்டாவது முடிச்சைப் பிடித்தபடி குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. எதனால் குலுங்குகிறது என்று பின்னாலிருந்து சொல்ல முடியாது. ராக்கப்பன் நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் அது கேலியாக இருக்காது, அவமானமாகிவிடும்.

‘ஸ்டாம்பு மங்கிப் போச்சுதுன்னு திருப்பி விட்டாரு – என்
முட்டி மட்டும் மங்காமத்தான் வலிக்குது சாரே’

தோள் குலுங்கல் நின்றது. கயிறு நின்றது. வீட்டில் கிட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தது கடைசி வரி. ஸ்பெயினிலிருந்து வந்த சட்டம். நேற்று அதை விட்டுவிட்டுப் பாடியவர், இன்று கடனை வட்டியோடு கட்டுவது போல் கத்தினார்.

‘மலையே கடலே மணியேன்னு நேத்துப் பாடுன வாயி – அது
ஏணிக்குப் பயந்து ஏசிக்கு ஏங்கி வாலாட்டுன நாயி!’

அனந்தகிருஷ்ணன் கடைசி முடிச்சைப் போட்டார். இழுத்துப் பார்க்கவில்லை. எழுந்து திரும்பியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் சிரித்த முகமாகத்தான் இருந்தது. சிரிக்கிற பழக்கம் இல்லாத முகம், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இருந்தது.

“அதுக்காகவா நேத்து அப்படிப் பாடினேள்? ஏசிக்காக?”

“ஆமா சார்.”

“நாலு சரணம்.”

“ஆமா சார்.”

“ரொம்ப மோசமா இருந்தது, ராக்கப்பன்.”

“தெரியும் சார்.”

அனந்தகிருஷ்ணன் ஜன்னலோரம் இருந்த பையைத் திறந்தார். உறை போட்ட தாள் ஒன்றை எடுத்தார். ஒன்பது மாசத்தில் அதன் ஓரம் மடங்கியிருந்தது. கட்டின பெட்டியின் மேல் அதை விரித்து, இரண்டு கயிற்றுக்கு நடுவே கையால் நீவினார். பேனா மூடியைக் கழற்றினார். மெடிக்கல் ரிப்போர்ட்டின் ஸ்டாம்பை ஒரு முறை பார்த்தார். மங்கலாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார். தேதி எழுதுகிற இடத்தில் பேனா நின்றது.

“ஷியாமளா, இன்னிக்கு என்ன தேதி?”

“இருபத்தேழு.”

அவர் இருபத்தாறு என்று எழுதினார்.

எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறொருவர் கையெழுத்தைச் சரிபார்ப்பது போல. பிறகு தாளை மடிக்காமல் நீட்டினார். “நேத்து சாயங்காலமே போட்டேன். ஆபீஸ் நேரத்துலயே. சம்யுக்தா கேட்டா அப்படிச் சொல்லுங்கோ. கொண்டுவந்து கொடுக்க மறந்துட்டேன்னு.”

“சார் மறக்க மாட்டாகன்னு எல்லாருக்கும் தெரியுமே.”

“அதனாலதான் நம்புவா.”

ராக்கப்பன் தாளை வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஏணி இல்லை, ஏசி உண்டு, பெண்ணுக்கு மூன்று வருஷம். சந்தோஷம் என்பது இந்த நேரத்தில் வந்திருக்க வேண்டும். உட்கார வேண்டும் போலத்தான் இருந்தது. உட்கார்ந்தும்தான் இருந்தார்.

அப்போது நாக்கு நுனியில் ஒரு வரி வந்து நின்றது. இருபத்தேழு வருஷம் வெள்ளையாக வைத்திருந்த மனுஷர் கடைசியில் எழுதின ஒரே தேதியும் தப்பான தேதி என்று. எதுகை தானாக விழுந்தது, மோனை தானாக விழுந்தது. அவர் கட்டின பாட்டுகளிலேயே இதுதான் உருப்படியான வரி. கிட்டாரின் மேல் கை போனது.

அனந்தகிருஷ்ணன் அதைப் பார்த்துவிட்டார். “என்ன? இன்னும் ஏதாவது இருக்கா?” கேட்ட குரலில் ஆசை இருந்தது.

ராக்கப்பன் பெட்டியைப் பார்த்தார். கோணலாகத்தான் இருந்தது, ஆனாலும் இறுகிக் கிடந்தது.

“ஒண்ணுமில்ல சார். முடிச்சு விழுந்துருச்சு.”